கிங்ஸ்னேக்கின் நிறமும் பட்டையும் ஊருக்கு ஊர் மாறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மலையேற்றப் பாதையிலோ வீட்டுக் கொல்லையிலோ ஒரு கிங்ஸ்னேக்கைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு, "இது எந்த வகை?" என்று கேட்பவர்களுக்காக எழுதியது இது. மெக்சிகோவின் வடபகுதிக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

கிங்ஸ்னேக் என்றால் ராஜநாகமா?

இல்லை. ராஜநாகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் கடும் நஞ்சுள்ள பாம்பு. கிங்ஸ்னேக் அமெரிக்கக் கண்டத்துப் பாம்பு, நஞ்சில்லாதது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்வது. இரண்டும் மற்றப் பாம்புகளைத் தின்னும் என்பதுதான் ஒற்றுமை. கிங்ஸ்னேக் கிலுகிலுப்பைப் பாம்பையே விழுங்கிவிடும். குழிவிரியன்களின் நஞ்சைத் தாங்கும் சக்தி அதன் ரத்தத்தில் உண்டு.

பேரினத்தின் பெயர் லாம்ப்ரோபெல்டிஸ். இதில் பல இனங்கள் இருந்தாலும், ஊருக்கு ஊர் வேஷம் மாற்றிக் குழப்புவதில் முதலிடம் கெட்டுலா குழுவுக்குத்தான். கறுப்பு அல்லது பழுப்பு உடம்பில் வெள்ளை, மஞ்சள் கொண்டு போட்ட கோலங்கள் இவை. சிவப்பு வளையம் கொண்டவற்றைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

கெட்டுலா குழுவில் எத்தனை வகை? எது எங்கே இருக்கிறது?

நெடுங்காலம் இவை எல்லாம் ஒரே இனம், பல துணை இனங்கள் என்றுதான் புத்தகங்களில் இருந்தன. 2009-ல் பைரன், பர்பிரிங் என்ற ஆய்வாளர்கள் மரபணு ஆதாரத்தோடு அதை ஐந்து இனங்களாகப் பிரித்தார்கள். கிழக்கிலிருந்து மேற்காகப் போனால் வரிசை இப்படி வரும்.

அட்லாண்டிக் ஓரத்தில், தெற்கு நியூ ஜெர்சி தொடங்கி அப்பலாச்சியன் மலைக்குக் கிழக்கே வட புளோரிடா வரை கிழக்கத்திய கிங்ஸ்னேக். பளபளக்கும் கறுப்பில் மெல்லிய வெள்ளை அல்லது இளமஞ்சள் குறுக்குப் பட்டைகள். அவை விலாப் பக்கம் இரண்டாகப் பிரிந்து அடுத்த பட்டையோடு சேர்ந்துகொள்வதால் சங்கிலி போலத் தெரியும். ஊர்க்காரர்கள் சங்கிலிப் பாம்பு என்றே சொல்கிறார்கள்.

அப்பலாச்சியனைத் தாண்டினால் கறுப்புக் கிங்ஸ்னேக், லாம்ப்ரோபெல்டிஸ் நைக்ரா. மேற்கு வர்ஜீனியா, தெற்கு ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி, வட அலபாமா இதன் நாடு. அதே சங்கிலிதான், ஆனால் அழித்துவிட்ட மாதிரி ஆங்காங்கே புள்ளிகளாக மட்டும் மிஞ்சியிருக்கும். மிசிசிப்பி ஆற்றை ஒட்டியும் அதற்கு மேற்கேயும் புள்ளிக் கிங்ஸ்னேக், ஹோல்புரூக்கி: ஒவ்வொரு கறுப்புச் செதிலிலும் ஒரு மஞ்சள் அல்லது வெள்ளைப் புள்ளி, உப்பும் மிளகும் தூவியதுபோல. மத்திய டெக்சாஸிலிருந்து தென்கிழக்கு அரிசோனா வரையும் மெக்சிகோவிலும் பாலைவனக் கிங்ஸ்னேக், ஸ்பிளெண்டிடா: தலை கறுப்பு, முதுகில் கரிய திட்டுகள், அவற்றுக்கு நடுவே 40-ஐத் தாண்டும் மெல்லிய வெளிர்க் கோடுகள், விலாவில் புள்ளிகள். அதற்கும் மேற்கே, தெற்கு ஒரிகன் தொடங்கி பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தின் முனை வரை கலிஃபோர்னியக் கிங்ஸ்னேக்.

புளோரிடா தனிக் கதை. அதற்குத் தனிக் கேள்வி வைத்திருக்கிறோம்.

ஒரு பாம்பைப் பார்த்ததும் எங்கிருந்து தொடங்குவது?

இடத்திலிருந்து. பட்டையைப் பார்த்துவிட்டு இடத்தை யூகிப்பது தலைகீழ் வேலை. எந்த மாவட்டம், ஆற்றின் எந்தக் கரை, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொண்டால் பாதி விடை கையில் இருக்கிறது. கென்டக்கியின் நடுவில் வெளுத்த சங்கிலியோடு ஒரு கறுப்புப் பாம்பு கிடைத்தால் அது நைக்ரா. அதே சாயலில் வட கரோலினாக் கடற்கரையில் ஒன்று கிடைத்தால், அது பட்டை மங்கிய கிழக்கத்தியது.

அடுத்து, பார்த்தது கிங்ஸ்னேக்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். நிறத்துக்கு முன்னால் செதில். கிங்ஸ்னேக்கின் முதுகுச் செதில்கள் நடுமேடு இல்லாமல் வழவழப்பாக இருக்கும். உடம்பின் நடுவில் குறுக்காக எண்ணினால் 19 முதல் 25 வரிசை, பெரும்பாலும் 21. மலவாயை மூடும் குதச்செதில் பிளவுபடாமல் ஒரே துண்டாக இருக்கும். அதே பகுதிகளில் திரியும் கறுப்பு ரேசர் பாம்புக்கும் வழவழப்பான செதில்தான், ஆனால் குதச்செதில் இரண்டாகப் பிளந்திருக்கும். எலிப்பாம்புகளுக்குக் குதச்செதில் பிளந்திருப்பதோடு முதுகுச் செதில்களில் மெல்லிய மேடும் தெரியும். பைன் பாம்புக்குக் குதச்செதில் ஒற்றை, ஆனால் முதுகுச் செதில் சொரசொரப்பு.

வரிசை எண்ணும்போது தலைக்கும் மலவாய்க்கும் சரிநடுவில், வயிற்றுச் செதிலை ஒட்டிய முதல் செதிலில் தொடங்கிச் சாய்வாக மேலேறி மறுபக்கம் இறங்குங்கள். வயிற்றுச் செதிலைச் சேர்க்கக் கூடாது. கழுத்தருகிலோ வாலருகிலோ எண்ணினால் எண்ணிக்கை மாறிவிடும். பாம்பைத் தொடாமல் இதைச் செய்ய அது உரித்துப்போட்ட சட்டை போதும். சட்டையில் பட்டையின் நிழலும் மங்கலாகத் தெரியும். ஆனால் அதை வைத்துப் பாம்பின் நீளத்தைச் சொல்லாதீர்கள், உரியும்போது இழுபட்டு உண்மை நீளத்தைவிடக் கூடியிருக்கும்.

பட்டைகளை எண்ணுவது எப்படி? ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறுகிறதே?

ஒரு விதி வைத்துக்கொள்ளாவிட்டால் மாறத்தான் செய்யும். தலையின் கோலம் முடிந்தபின் வரும் முதல் வெளிர்ப் பட்டையில் தொடங்கி, மலவாய்க்கு நேர் மேலே இருப்பதோடு நிறுத்துங்கள். வால் பட்டைகளை வேறாக எழுதுங்கள். இரண்டையும் சேர்த்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிசகு.

எண்ணுவது முதுகெலும்புக் கோட்டின் மேல் மட்டும். விலாவில் இரண்டாகப் பிரிந்தாலும் முதுகில் ஒன்றாக இருந்தால் ஒன்றுதான். இடப்பக்கத்திலிருந்து ஒரு பாதி, வலப்பக்கத்திலிருந்து ஒரு பாதி வந்து நடுவில் சந்திக்காமல் இடறி நின்றால், ஒவ்வொன்றும் முதுகுக் கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடாததை "அரைப் பட்டை" என்று தனியே குறியுங்கள்.

பட்டையின் அகலத்தை மில்லிமீட்டரில் எழுதுவதால் பெரிய பயன் இல்லை. பாம்பு வளர அதுவும் வளரும். முதுகுக் கோட்டில் எத்தனை செதில் நீளம் என்று எழுதுங்கள். குட்டியிலும் அதே எண், பெரியதிலும் அதே எண் வரும், ஒப்பிட முடியும். சுருண்டு கிடக்கும் பாம்பின் ஒரே படத்தை வைத்து மொத்தம் எண்ணவே எண்ணாதீர்கள். மறைந்திருக்கும் சுருளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கலிஃபோர்னியாவில் ஒரே மலையடிவாரத்தில் பட்டை போட்டதும் நீளக்கோடு போட்டதும் பார்த்தேன். இரண்டும் வேறு இனமா?

ஒரே இனம். இந்தச் சந்தேகம் அறிவியலுக்கே நூறாண்டு இருந்தது. 1835-ல் பிளேன்வில் கலிஃபோர்னியே என்று பெயரிட்டது முதுகில் நீளக்கோடு ஓடிய பாம்புக்கு. 1853-ல் பெயர்டும் ஜிரார்டும் பட்டை போட்டதற்குப் பாய்லியை என்று வேறு பெயர் வைத்தார்கள். 1930-களில் சான் டியேகோவில் லாரன்ஸ் கிளாபர் ஒரு தாய் இட்ட ஒரே ஈட்டு முட்டைகளிலிருந்து இரு கோலத்துக் குட்டிகளும் வெளிவருவதைக் காட்டிய பிறகுதான் வழக்கு முடிந்தது. கிளாபருக்கு மின்சாரக் கம்பெனியில் பொறியாளர் வேலை. பாம்பு ஆராய்ச்சி அதற்கு மேல் செய்தது.

நீளக்கோட்டு வடிவம் இனத்தின் எல்லை முழுவதும் சமமாகப் பரவவில்லை. சான் டியேகோ மாவட்டக் கடலோரத்தில் அதிகம் பார்க்கலாம். அதைச் சுற்றியுள்ள தென் கலிஃபோர்னிய மாவட்டங்களிலும் மத்தியப் பள்ளத்தாக்கின் சில பகுதிகளிலும் உண்டு. மற்ற இடங்களில் பட்டைதான் வழக்கம். கோடு பாதியில் உடைந்து புள்ளியாகி, அப்புறம் பட்டையாகி, மறுபடி கோடாகும் கலவைகளும் இரண்டும் சேர்ந்து வாழும் இடங்களில் கிடைக்கும். அதைப் பார்த்து "புது வகை" என்று குதிக்க வேண்டாம்.

கலிஃபோர்னியக் கிங்ஸ்னேக் கடலோரத்தில் ஒரு நிறம், பாலைவனத்தில் ஒரு நிறமா?

பொதுவாக ஆமாம். தெற்குக் கடலோரத்தில் சாக்லேட் பழுப்பும் இளமஞ்சளும். உள்நாட்டுப் பாலைவனங்களில் கன்னங்கரிய கறுப்பும் சுத்த வெள்ளையும். வெளிர் வளையங்களின் எண்ணிக்கை 21-லிருந்து 44 வரை போகும் என்பதால் அதை மட்டும் நம்பி ஊரைச் சொல்ல முடியாது. நாம் பார்ப்பது மூன்று இடங்களை.

முதலாவது, வெளிர் வளையத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு செதிலின் அடிப்பாகம். கொலராடோ ஆற்றின் கீழ்ப்பகுதி, யூமா பக்கத்துப் பாம்புகளில் வெள்ளைச் செதிலின் அடி பழுப்பாகக் கறை படிந்திருக்கும். இதை வைத்துத்தான் 1919-ல் யூமென்சிஸ் என்ற துணை இனமே உருவானது. இப்போது அந்தப் பெயரை அறிவியலில் யாரும் தனி வகையாக நடத்துவதில்லை, ஆனால் அடையாளம் அடையாளம்தான். தூரத்துப் படத்தில் இது தெரியாது. பட்டை லேசாக அழுக்கான மாதிரி மட்டும் தெரியும். நெருங்கிய படத்தில் செதில் செதிலாகப் பார்த்தால் அழுக்கு இல்லை, நிறமி என்பது புலப்படும்: அழுக்கு செதிலின் ஓரங்களிலும் இடுக்கிலும் தங்கும், நிறமி ஒவ்வொரு செதிலிலும் அதே இடத்தில் அதே வடிவில் இருக்கும்.

இரண்டாவது வயிறு. சான் வாக்கீன் பள்ளத்தாக்கிலும் லாஸ் ஏஞ்சலஸ் கடலோரத்திலும் வயிறு கறுத்த வடிவங்கள் உண்டு. மேலிருந்து மட்டும் எடுத்த படத்தில் இந்தத் தகவல் போய்விடும். மூன்றாவது, வளையம் விலாவில் இறங்கும்போது அகலமாகிறதா, குறுகுகிறதா என்பது.

பாஹாவின் தென்முனையில் நிட்டிடா என்று முன்பு அழைத்த வடிவம் இருக்கிறது: ஏறத்தாழ முழுக் கரும்பழுப்பு, முதுகில் மங்கலான கோடு. சொனோரா மாநிலத்தின் முழுக்கறுப்பு வடிவம் நைக்ரிட்டா, 1955-ல் பெயர் பெற்றது. வளர்ப்புச் சந்தையில் மெக்சிகோ கறுப்புக் கிங்ஸ்னேக் என்று விற்பது இதைத்தான்.

கிழக்கில் பட்டை அகலமும் புள்ளியும் இவ்வளவு மாறுவது ஏன்? புளோரிடாவில் எதைப் பார்க்க வேண்டும்?

வட கரோலினாவின் வெளிக்கரைத் தீவுகளில் பட்டைகளுக்கு நடுவே வெளிர்ப் புள்ளிகள் தெளித்த பாம்புகள் உண்டு. 1942-ல் ஸ்டிக்டிசெப்ஸ் என்று தனித் துணை இனமாக எழுதினார்கள். இன்று அதைக் கிழக்கத்தியதன் உள்ளூர் வடிவமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

புளோரிடா தீபகற்பத்துக்குள் தெற்கே போகப்போக இரண்டு மாற்றம் ஒன்றாக நடக்கும்: பட்டை நெருங்கி எண்ணிக்கை கூடும், பெரும்பாலும் 40-ஐத் தாண்டும், கரிய செதில்களின் அடியில் வெளிர் நிறம் ஏறி, முழுப் பாம்பும் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். மயாமி பக்கத்து மிக வெளுத்தவற்றை 1919-ல் புரூக்சி என்று பிரித்திருந்தார்கள். இப்போது எல்லாம் புளோரிடனா என்ற தீபகற்ப வகையில் அடக்கம்.

மாநிலத்தின் மேற்குக் கைப்பிடிப் பகுதியில் அப்பலாச்சிகோலா ஆற்றுக்கும் ஓக்லாக்கனி ஆற்றுக்கும் இடையே ஒரு சிறு வட்டாரம். அங்கே உள்ள கிங்ஸ்னேக்குகள் எதற்கும் கட்டுப்படாதவை. எண்ணிக்கையில் குறைந்த, மிக அகலமான பட்டை போட்டவை, நீளக்கோடு போட்டவை, கோலமே இல்லாதவை என்று மூன்று வடிவமும் அங்கே உண்டு. பட்டை இருந்தால் அதன் அகலமும், கரிய பகுதிச் செதில்களிலும் வெளிர் நிறம் கலந்திருப்பதும் அடையாளம். 2006-ல் மீன்சி என்ற துணை இனமாகப் பெயர் பெற்று, 2017-ல் இனமாக உயர்த்தப்பட்டது. அதைச் சுற்றிய வட்டாரத்தில் கிழக்கத்தியதோடு கலந்தவை கிடைக்கும். 1949-ல் கோய்னி என்று பெயர் சூட்டப்பட்ட சிப்போலா ஆற்றுப் பாம்புகள் அப்படிப்பட்ட கலவை என்பதே இன்றைய கணிப்பு.

ஏன் மாறுகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்பவரை நம்ப வேண்டாம். நீண்ட காலம் ஆறுகளாலும் மலைகளாலும் பிரிந்து கிடந்தது, மண்ணின் நிறம், வெப்பம், வேட்டையாடும் பறவைகளின் கண் எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்திருக்கும்.

குட்டியும் பெரியதும் ஒரே மாதிரி இருக்குமா?

இருக்காது. தவறான அடையாளங்களில் பாதி இதனால் வருவது. புள்ளிக் கிங்ஸ்னேக்கின் குட்டி புள்ளியோடு பிறப்பதில்லை. முதுகில் தெளிவான குறுக்குப் பட்டைகள் இருக்கும், வளர வளர இடைவெளிகளில் புள்ளி ஏறி எல்லாம் ஒன்றாகிவிடும். கறுப்புக் கிங்ஸ்னேக்கின் குட்டியில் சங்கிலி பளிச்சென்று இருந்து, பிறகு கறுத்து மூடும். புளோரிடாக் குட்டிகள் இதற்கு நேர் எதிர்: கறுப்பாகத் தொடங்கி, பல சட்டை உரித்தபின் வெளுக்கும், சிலவற்றின் வெளிர்ப் பட்டைகளில் செந்நிறம் தெரியும்.

பொரித்த குட்டி சுமார் 25 முதல் 30 செ.மீ. இருக்கும். அந்த அளவுப் பாம்பைப் பெரியவற்றின் படத்தோடு ஒப்பிடாதீர்கள். பதிவு எழுதும்போது தோராயமான நீளத்தைக் கட்டாயம் சேருங்கள். வளர்ந்தவை பொதுவாக 90 முதல் 120 செ.மீ.; கிழக்கத்தியது 2 மீட்டரைத் தாண்டியதும் உண்டு.

நிறம் ஒருநாள் மங்கலாகவும் அடுத்த வாரம் பளபளப்பாகவும் தெரிகிறதே?

சட்டை உரிக்கப் போகிறது. உரிப்பதற்கு முந்தைய நாட்களில் கண் பால் படிந்த மாதிரி நீலமாகும், உடம்பு சாம்பல் பூத்துப்போகும், மஞ்சள் வெள்ளையாகவும் கறுப்பு பழுப்பாகவும் தோன்றும். அந்தப் படத்தை நிறத்துக்கு ஆதாரமாக வைக்கக் கூடாது. பட்டை எண்ணிக்கைக்கு வைக்கலாம்.

செம்மண் ஒட்டியிருந்தாலும் இதே குழப்பம். செதில் மேல் தடித்த பொருக்கு, பழுப்பு அல்லது மஞ்சள் திட்டு, முகத்தில் வீக்கம் தெரிந்தால் அது கோலம் அல்ல, பாம்புப் பூஞ்சை நோயாக இருக்கலாம். அப்படிப்பட்டதைப் பார்த்தபின் பாம்புக் கொக்கி, செருப்பு எல்லாவற்றையும் ஒரு பங்கு பிளீச்சும் ஒன்பது பங்கு தண்ணீரும் கலந்து கழுவிய பிறகே அடுத்த இடத்துக்குப் போங்கள். மாநில வனவிலங்குத் துறைக்குப் படத்தை அனுப்புங்கள்.

அருங்காட்சியகப் பாட்டிலில் இருக்கும் மாதிரியோடு நிறத்தை ஒப்பிடலாமா?

கறுப்பை ஒப்பிடலாம், சிவப்பையும் மஞ்சளையும் ஒப்பிடக் கூடாது. மெலனின் என்ற கறுப்பு நிறமி பதப்படுத்தும் திரவத்திலும் நிற்கும். சிவப்பும் மஞ்சளும் கரைந்து வெளுத்துப்போகும். பழைய விவரணைகளில் "வெள்ளைப் பட்டை" என்று இருந்தால், உயிரோடு இருந்தபோது அது இளமஞ்சளாக இருந்திருக்கக்கூடும்.

இரு வகைக்கும் நடுவாக இருப்பதை எப்படிப் பெயரிடுவது?

பெயரிடாமல் விடுவதே சரி. மிசிசிப்பி ஓரத்தில் நைக்ராவும் ஹோல்புரூக்கியும், டெக்சாஸில் ஹோல்புரூக்கியும் ஸ்பிளெண்டிடாவும், தென்கிழக்கு அரிசோனாவில் ஸ்பிளெண்டிடாவும் கலிஃபோர்னியேயும், வட புளோரிடாவில் கிழக்கத்தியதும் புளோரிடனாவும் கலக்கின்றன. டூசானுக்குக் கிழக்கே கிடைக்கும் பாம்பில் அகன்ற வெள்ளை வளையமும் விலாப் புள்ளியும் சேர்ந்தே இருந்தால், ஒரு பெயரை வலிந்து ஒட்டுவது பதிவைக் கெடுக்கும். "கெட்டுலா குழு, வளையம் இத்தனை, விலாவில் புள்ளி உண்டு, இடம் இது" என்று எழுதினால் பத்து ஆண்டு கழித்து வகைப்பாடு மாறினாலும் அந்தப் பதிவு செல்லும். மாறத்தான் போகிறது: 2009-ன் பிரிவை இன்றும் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை.

சிவப்பு வளையம் போட்டதைப் பார்த்தேன். பவளப்பாம்பா, கிங்ஸ்னேக்கா?

முதலில் தள்ளி நில்லுங்கள், பிறகு பாருங்கள். தென்கிழக்கு மாநிலங்களில் மூன்று பாம்புகள் ஒரே உடை போட்டிருக்கின்றன. பவளப்பாம்பு நஞ்சுள்ளது: மூக்கு நுனி கறுப்பு, சிவப்பை மஞ்சள் தொடும். செங்கிங்ஸ்னேக், அதாவது லாம்ப்ரோபெல்டிஸ் எலாப்சாய்டிஸ்: மூக்கு சிவப்பு, சிவப்பைக் கறுப்பு தொடும், வளையம் வயிற்றையும் சுற்றும். மூன்றாவது செம்பாம்பு எனப்படும் செமோஃபோரா: மூக்கு சிவப்பு, முதுகில் திட்டு, வயிறு ஒரு கோலமும் இல்லாத வெள்ளை.

"சிவப்பை மஞ்சள் தொட்டால் ஆபத்து, கறுப்பு தொட்டால் நட்பு" என்று அங்கே பாட்டாகவே பாடுவார்கள். அது அமெரிக்காவுக்குள் மட்டும், அதுவும் வழக்கமான நிறத்துப் பாம்புகளுக்கு மட்டும். மெக்சிகோவுக்குத் தெற்கே போனால் சிவப்பைக் கறுப்பு தொடும் பவளப்பாம்புகளே இருக்கின்றன. நிறமி குறைந்த, முழுக்கறுத்த பவளப்பாம்புகளும் அரிதாகப் பிறக்கின்றன. ஆகவே பாட்டை நம்பிக் கையில் எடுப்பது மடத்தனம்.

இதில் வட்டார வேறுபாடு அருமையான ஒன்று உண்டு. பவளப்பாம்பு ஏராளமாக உள்ள புளோரிடாவில் செங்கிங்ஸ்னேக் போடும் பவளப்பாம்பு வேஷம் அவ்வளவு துல்லியமில்லை. பவளப்பாம்பு அரிதாகும் எல்லைப் பகுதியான கரோலினாக்களில்தான் துல்லியம் அதிகம். காரணம் எளிது. பவளப்பாம்பு நிறைய இருக்கும் இடத்தில், ஓரளவு அப்படித் தெரிந்தாலே பருந்து ஒதுங்கிவிடும். அரிதான இடத்தில் பருந்து துணிந்து பார்க்கும், அச்சு அசலாக இருந்தால்தான் தப்பலாம். கரோலினாக்களின் சாண்ட்ஹில்ஸ் வட்டாரத்தில் 1960-க்குப் பிறகு பவளப்பாம்பையே காணோம். ஆனால் அங்கே அதற்குப் பின்வந்த செங்கிங்ஸ்னேக்குகள் முன்னைவிட இன்னும் நெருக்கமாகப் பவளப்பாம்பை ஒத்திருக்கின்றன என்று 2014-ல் அக்காலியும் ஃபெனிக்கும் எழுதினார்கள். கறுப்பு வளையம், சிவப்பு வளையம் இவற்றின் அகல விகிதத்தைத்தான் அங்கே ஒப்பிடுவது. ஆகவே உங்கள் படத்திலும் ஒரு வளையத் தொகுதி முழுவதும் வளையாமல் நேராகத் தெரியும்படி எடுங்கள்.

மேற்கு மலைகளில் உள்ள சிவப்புக் கிங்ஸ்னேக்குகள்?

அரிசோனா மலைக் கிங்ஸ்னேக்குக்கு மூக்கு வெளிர். கலிஃபோர்னிய மலைக் கிங்ஸ்னேக்குக்குப் பெரும்பாலும் கறுப்பு, சிலவற்றில் சிவப்புத் தீற்றல் இருக்கும். கலிஃபோர்னியத்தில் 1952-ல் ஸ்வைஃபெல் துணை இனம் பிரித்தபோது பார்த்தவை மூன்று: மூக்கின் நிறம், தலைக்குப் பின் வரும் முதல் வெள்ளை வளையம் வாய் மூலைக்கு முன்னா பின்னா, எத்தனை கறுப்பு வளையங்களைச் சிவப்பு முழுதாகப் பிளக்கிறது. நல்ல அளவுகோல்கள், இன்றும் பதிவு செய்யத் தகுந்தவை. ஆனால் பின்னால் வந்த மரபணு ஆய்வுகள் அந்தப் பிரிவுகளோடு பொருந்தவில்லை. 2013-ல் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிக்கும் யோசனை வந்தது.

டெக்சாஸின் சாம்பல் பட்டைக் கிங்ஸ்னேக் இரண்டு வகையா?

இல்லை, இரண்டு கோலம். ஒன்று, மெல்லிய கரும்பட்டைகள் ஒன்றுவிட்டு ஒன்று உடைந்து, சிவப்பு குறைவாக இருக்கும் ஆல்டெர்னா கோலம். மற்றது, அகன்ற செம்மஞ்சள் சேணங்கள் கொண்ட பிளேரி கோலம். முதலாவதற்கு 1901-ல் பெயர் வந்தது, இரண்டாவதற்கு 1950-ல். ஒரே ஈட்டில் இரண்டும் பிறப்பதைக் கூண்டில் பார்த்த பிறகு பெயர்கள் ஒன்றாயின. சாம்பலின் சாயல் சாலைக்குச் சாலை மாறும் என்பதால், அங்கே ஆர்வலர்கள் பாம்பை "எந்த வெட்டுப்பாறை" (சாலைக்காகப் பாறையை வெட்டிய இடம்) என்றே சொல்லி அடையாளம் காண்கிறார்கள். பாம்பைப் பிடிக்கும் எண்ணத்தோடு சாலையோரம் தேடுவதற்கு டெக்சாஸில் தனி உரிமமும் ஒளியைப் பிரதிபலிக்கும் மேலங்கியும் வேண்டும்.

அடையாளம் காண உதவும்படி படம் எப்படி எடுப்பது?

பிடிக்க வேண்டியதில்லை. இரண்டு மீட்டர் தள்ளி நின்று, முதலில் கிடக்கும் நிலையிலேயே முழு உடம்பு. பிறகு நேர் மேலிருந்து ஒன்று, ஒரு விலா, மறு விலா, தலை பக்கவாட்டில், மூக்கு முன்னாலிருந்து. நடுஉடம்பில் ஒரே ஒரு கை அகலத்துக்கு நெருங்கிய படம். இதில்தான் செதிலின் அடிநிறம் தெரியும். ஊர்ந்து கல்லின்மேல் ஏறும்போது வயிற்றின் ஓரம் கிடைக்கும், அப்போது காத்திருந்து எடுங்கள்.

நிறத்தில் ஏமாற்றுவது ஃபோன்தான். தானியங்கி வெண்சமநிலை இளமஞ்சளை வெள்ளையாக்கிவிடும். ஃபிளாஷ் பளபளப்பான செதிலில் பட்டு நடுப்பட்டை வெளிறும். மாலைச் சூரியனில் எல்லாமே மஞ்சள். நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், சாம்பல் அட்டை ஒன்றைச் சட்டகத்துக்குள் வைத்து எடுங்கள். அட்டை இல்லாவிட்டால் மடித்த வெள்ளைத் தாள் போதும். வெளியிடும் படத்தில் நிறவடிகட்டி போடாதீர்கள்.

இருப்பிடத்தைப் பொதுவில் காட்டும் தளங்களில் துல்லியமான புள்ளியை மறைத்து மாவட்டம் மட்டும் தெரியும்படி வையுங்கள். அபூர்வ வடிவம் இருக்கும் இடம் தெரிந்தால் பாறைகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டே வருபவர்கள் உண்டு, புரட்டிய பாறை திரும்பப் பொருந்தாது.

காட்டில் வெள்ளைக் கிங்ஸ்னேக் ஒன்று கிடைத்தது. வட்டார வடிவமா?

பெரும்பாலும் வீட்டிலிருந்து தப்பியது. நிறமி இல்லாத அல்பினோ, இளஊதா நிறத்தது, வெள்ளை மிகுந்தது எல்லாம் கூண்டில் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவை. ஊருக்கு நடுவில், சாந்தமாக, தழும்பில்லாத உடம்போடு, அந்தப் பகுதியில் இல்லாத கோலத்தில் கிடந்தால் சந்தேகப்படுங்கள். கானரித் தீவுகளில் கிரான் கனாரியாவில் 1998 முதல் கலிஃபோர்னியக் கிங்ஸ்னேக் பரவி அத்தீவின் ராட்சதப் பல்லிகளை அழித்து வருகிறது. அங்கே பிடிபடுவதில் வெள்ளையும் நீளக்கோடும் ஏராளம். வளர்ப்புப் பாம்பிலிருந்து வந்தவை என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த முறையில் தமிழ்நாட்டுப் பாம்புகளையும் பிரிக்கலாமா?

எண்ணும் முறை உதவும், முடிவு உதவாது. கலிஃபோர்னியாவில் கறுப்பில் வெள்ளைப் பட்டை என்றால் நஞ்சில்லாத கிங்ஸ்னேக். நம் ஊரில் கறுப்பில் வெள்ளைப் பட்டை என்றால் கட்டுவிரியனாக இருக்கலாம். கட்டுவிரியனின் பட்டைகள் கழுத்துப் பக்கம் மங்கி அல்லது இல்லாமல், பின்னால் போகப்போகத் தெளிவாகும். முதுகெலும்புக் கோட்டில் அறுகோணமாகப் பெரிய செதில்கள் வரிசையாக இருக்கும். ஓநாய்ப் பாம்பில் பட்டை கழுத்திலேயே தொடங்கி வால் பக்கம் மங்கும், முதுகுச் செதில்கள் பெரிதாக இருக்காது. வேறுபாடு தெரிந்தாலும் கையால் தொடாமல், வனத்துறையையோ பயிற்சி பெற்ற பாம்புபிடிப்பவரையோ அழைப்பதே வழி. கிங்ஸ்னேக்கோடு பழகி ஊர் திரும்புபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளையைக் கண்டதும் கை தானாக நீளும்.

படத்தை மட்டும் பார்த்து எந்த ஊர்ப் பாம்பு என்று சொல்வீர்களா?

மாட்டோம். அகன்ற பட்டை அப்பலாச்சிகோலா வடிவம் போன்ற சிலவற்றைத் தவிர, கோலம் ஊரைச் சொல்லாது. இடம், நாள், நீளம், முதுகு விலா வயிறு என மூன்று படம், பட்டை எண்ணிக்கை இவற்றோடு வந்தால், அந்த ஊரில் வழக்கமாக இருக்கும் வடிவமா, வழக்கத்துக்கு மாறானதா என்று சொல்ல முடியும். விற்பனைக்கு வந்த பாம்பின் "ஊர்ச் சான்று" படத்தோடு பொருந்துகிறதா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.